ஏழே நிமிடத்தில் ஒரு சுற்று: இந்த ஜோடி இவ்வளவு நெருங்கியது எப்படி?

கேள்வி: இரண்டு வெள்ளைக் குள்ளன்கள் (எரிந்து முடிந்த நட்சத்திரங்களின் சுருங்கிய கருக்கள்) 7 நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுவதாகப் படித்தேன். குள்ளன் ஆவதற்கு முன் ஒவ்வொன்றும் சிவப்பு ராட்சசனாக, அதாவது முதுமையில் பெருத்து வீங்கிய நட்சத்திரமாக, ஊதியிருக்க வேண்டுமே, அதற்கு இடம் ஏது? என் 8 அங்குல டெலஸ்கோப்பில் இவற்றைப் பார்க்க முடியுமா?

பதில்: இடம் இல்லைதான். விஷயமே அதில்தான் இருக்கிறது.

நீங்கள் படித்தது இசட்டிஎஃப் ஜே1539 ஜோடியைப் பற்றியதாக இருக்கும். கலிஃபோர்னியாவின் பாலோமார் ஆய்வகத்தில் நடக்கும் வானளவையில் சிக்கியது, 2019-ல் வெளியானது. சுற்றுக்காலம் 6.91 நிமிடம், நடுவே சுமார் 80,000 கி.மீ.தான், சுற்றுப்பாதையோடு சேர்த்துச் சனி கிரகத்துக்குள் அடக்கிவிடலாம்.

பிறந்தபோது இவை நன்றாகத் தள்ளித்தான் இருந்தன. எடை கூடியது முதலில் ஊதி, மேலுறையை இழந்து, குள்ளனாகிறது. அப்புறம் இரண்டாவதும் ஊதத் தொடங்கும்போது அதன் வாயு குள்ளன் பக்கம் வழிகிறது, ஆனால் அவ்வளவு வேகமாக வருவதைக் குள்ளனால் வாங்கிக்கொள்ள முடியாததால் அது இரண்டையும் சேர்த்தே மூடிவிடுகிறது. இதற்குப் பொது உறை என்று பெயர். 1976-ல் போலந்து வானியலாளர் பாச்சின்ஸ்கி இந்த யோசனையை முன்வைத்தார். உறைக்குள் சுற்றும் குள்ளனும் ராட்சசனின் கருவும் வாயுவில் உராய்ந்து உராய்ந்து உள்ளே இறங்குகின்றன, அப்படி இழக்கிற ஆற்றல்தான் உறையைக் கிளப்பி வெளியே எறிகிறது. உறை போனபின் மிஞ்சுவது அருகருகே இரண்டு கருக்கள். வானியல் கணக்கில் இது கண்ணிமைக்கும் நேரம், அதனால்தான் நடக்கும்போது பிடிப்பது இவ்வளவு கஷ்டம்.

நம்பலாமா? ஜே1539-ன் சின்னக் குள்ளனின் எடை சூரியனில் 0.21 பங்குதான். தனியாக வாழும் நட்சத்திரம் இவ்வளவு லேசான குள்ளனை விட்டுச்செல்லப் பிரபஞ்சத்தின் வயதே போதாது, ஆகவே யாரோ உறையைப் பாதியிலேயே உரித்திருக்க வேண்டும்.

அதன் பிறகு வேலை ஈர்ப்பு அலைகளுடையது, அதாவது ஒன்றையொன்று சுற்றும் எடைகள் வெளியில் கிளப்பும் அதிர்வுகளுடையது. அவை ஆற்றலைக் கொண்டுபோகப் போக பாதை சுருங்குகிறது. தூரம் பாதியானால் மிஞ்சிய ஆயுள் பதினாறில் ஒன்றாகிவிடும். இது வெறும் கணக்கு அல்ல. ஜே0651 என்ற 12.75 நிமிட ஜோடியில், ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில், கிரகணம் (ஒன்று மற்றதை மறைப்பது) சுமார் 6 நொடி முன்னதாகவே வரத் தொடங்கியதை 2012-ல் அளந்தே காட்டினார்கள்.

கடைசியில் லேசான குள்ளனின் வாயு மற்றதின் மேல் கொட்டத் தொடங்கும். எடை குறையக் குறைய குள்ளன் பெரிதாகும் என்பது இவற்றின் விசித்திரம். எடை வித்தியாசம் போதுமான அளவு இருந்தால் கொட்டல் நிதானமாக நடந்து, ஜோடி மறுபடி விலக ஆரம்பிக்கும். இல்லையென்றால் மோதி ஒன்றாகும். மொத்த எடை சந்திரசேகர் எல்லையான (ஒரு குள்ளன் தாங்கக்கூடிய உச்ச எடை) 1.4 சூரியனைத் தாண்டினால் சூப்பர்நோவாவாக வெடிக்கவும் வாய்ப்புண்டு.

சரி, உங்கள் டெலஸ்கோப். ஜே1539-ன் பிரகாசம் 20-ஆம் அளவை ஒட்டியது (இந்த எண் கூடக்கூட மங்கல்), மறந்துவிடுங்கள். விலகிக்கொண்டிருக்கும் வகையான ஏஎம் கேனம் வெனாட்டிகோரம் என்ற ஜோடி 14-ஆம் அளவு, இருட்டான இடத்தில் 8 அங்குலத்துக்கு எல்லைக்கோடு. கேமரா இருந்தால் முயலலாம். நான் பரிந்துரைப்பது எஸ்எஸ் சிக்னி என்ற ஜோடியை. ஒரு குள்ளனும் ஒரு சாதாரண நட்சத்திரமும் 6.6 மணி நேரத்தில் சுற்றும், அதாவது பொது உறைக்குள் ஒரே தடவை போய்வந்த ஜோடி. வழக்கமாக 12-ஆம் அளவில் கிடக்கும், ஏழெட்டு வாரத்துக்கு ஒருமுறை திடீரென 8-க்குத் தாவும். செப்டம்பர், அக்டோபர் இரவுகளில் சிக்னஸ் மண்டலத்தில் தேடுங்கள், பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டுத் தேதியோடு குறித்துவையுங்கள்.