கடிதத்தின் பின்பக்கத்தில் இருந்த கணக்கு

சேலத்தில் உட்கார்ந்துகொண்டு கோல்ஃப் பற்றிப் பதில் எழுதுவேன் என்று நான் நினைத்ததில்லை. ஆனால் இந்த மாதம் வந்த வாசகர் கடிதங்களில் நான்கு அதைப் பற்றியே. எனக்கு அந்த ஆட்டம் ஆடத் தெரியாது. 31 வருடம் வங்கியில் கடன் மனுக்களைப் படித்தேன். ஓய்வு பெற்ற பிறகு, விளையாடும் பிள்ளைகளுக்கு உதவுகிற ஓர் அறக்கட்டளையில் ஒன்பது வருடமாக உதவி மனுக்களைப் படிக்கிறேன். அவற்றில் கோல்ஃப் மனுக்களும் உண்டு. ஒரு மனு எங்கே விழுகிறது, எங்கே நிற்கிறது என்பது மட்டும் தெரியும். அந்த அளவுக்கே பதில்.

கேள்வி: ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருக்கிறேன். சம்பளம் 24,000 ரூபாய். மகளுக்கு 13 வயது. முதலாளி வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவர் விட்டுப்போன பழைய கோல்ஃப் மட்டைகளை வைத்து ஆட ஆரம்பித்தாள். இப்போது கோயம்புத்தூர், பெங்களூர் என்று ஜூனியர் போட்டிகளுக்குப் போய் வருகிறாள். இதுவரை நகையை அடகு வைத்துச் சமாளித்தேன். உதவி கேட்டு மூன்று இடத்துக்கு எழுதினேன், பதிலே இல்லை. அமெரிக்காவில் ஜூனியர் கோல்ஃப் ஆடும் பிள்ளைகளுக்குப் பணம் தருகிறார்களாம், அதற்கு எழுதலாமா? நான் அனுப்பிய மனுவின் நகலை இணைத்திருக்கிறேன். — ஒரு தந்தை, ஏற்காடு

பதில்: நகலை இரண்டு முறை படித்தேன். மூன்று பக்கம். முதல் பக்கத்தில் உங்கள் அப்பா காலத்துக் கஷ்டம், இரண்டாவதில் உங்கள் கஷ்டம், மூன்றாவதில் ‘பெரிய மனது வைத்து’ என்பது ஐந்து இடத்தில். பெண் என்ன ஸ்கோர் அடிக்கிறாள் என்று எங்கேயும் இல்லை. மடித்து வைக்கப் போனவள், மூன்றாம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் பென்சிலில் ஒரு கூட்டல். நகலெடுக்கும்போது தெரியாமல் அதுவும் வந்துவிட்டது போலிருக்கிறது.

‘பெங்களூர். கட்டணம் 5,000. பஸ் 1,240. ரூம் 3 நாள் 4,200. கேடி 1,800. சாப்பாடு 1,500. பந்து 900. ஆக 14,640.’

(கேடி என்றால் மைதானத்தில் மட்டைப் பையைத் தூக்கி வருபவர்.) அய்யா, இதுதான் மனு. முன்பக்கம் மூன்றையும் எடுத்துவிடுங்கள்.

எங்கள் மேசையில் ஒரு சாயங்காலத்தில் அறுபது மனு படிப்போம். அறுபதிலும் கஷ்டம் இருக்கும். யார் கஷ்டம் பெரிது என்று நிறுக்க எங்களிடம் தராசு இல்லை. பந்துக்கு 900 என்று தனியாக எழுதுகிற மனிதரைப் பார்த்தால், கொடுத்த பணத்துக்கு இவர் கணக்குச் சொல்வார் என்று தோன்றும். பேனா ‘சரி’ போடும் பக்கம் நகரும்.

அந்தக் கூட்டலிலும் இரண்டு விடுபட்டிருக்கிறது. போட்டிக்கு முதல் நாள் மைதானத்தைப் பழகிப் பார்க்க ஆடினாளே, அதற்குக் கட்டணம் கட்டினீர்களா? மகளோடு போன நாட்களுக்கு எஸ்டேட்டில் சம்பளம் பிடித்தார்களா? அதையும் எழுதுங்கள். அப்புறம், வருடத்துக்கு எத்தனை போட்டி, எந்தெந்த மாதம், உங்கள் பங்கு எவ்வளவு, மீதி எவ்வளவு என்று ஒரே பக்கத்தில் வாருங்கள். ‘முடிந்ததைச் செய்யுங்கள்’ என்று கேட்டால் முடியவில்லை என்றுதான் பதில் வரும். ‘ஜூன், ஆகஸ்ட், அக்டோபர் மூன்று போட்டிக்கு 43,920 ரூபாய். எங்களால் முடிந்தது 13,920. கேட்பது 30,000’ என்று எழுதிப் பாருங்கள். இல்லை என்று சொல்லவாவது ஒருவர் பதில் போடுவார்.

உங்கள் இரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்தியது. ‘பாப்பா காபி களத்தில் பட்டிங் பழகுவாள், டிசம்பரில் பழம் காயப் போட்டுவிட்டால் களம் கிடைக்காது.’ பட்டிங் என்றால் பந்தைத் தரையோடு உருட்டிக் குழியில் விடுவது. இந்த வரியை ஏன் நடுவில் ஒளித்து வைத்தீர்கள்? சிமெண்டுக் களத்தில் பந்து புல்லில் ஓடுவதைவிட வேகமாக ஓடும் என்பது எனக்கே புரிகிறது. பழ சீசன் முழுக்க அதுவும் இல்லை. அப்படியானால் நீங்கள் கேட்க வேண்டியவற்றில் ஒரு பட்டிங் விரிப்பும் இருக்கிறது. பெரிய தொகை ஒன்றுமில்லை. காரணம் தெளிவாக இருப்பதால் முதலில் கிடைப்பதும் அதுவாகவே இருக்கும். முழு செட் மட்டை கேட்க வேண்டாம். பையில் 14 வரைதான் வைக்கலாம் என்பது விதி, 14-உம் இருந்தே ஆகவேண்டும் என்றில்லை. வளரும் பிள்ளைக்கு இரண்டு வருடத்தில் மட்டை குட்டையாகிவிடும், ஏழெட்டு போதும் என்கிறார்கள் பயிற்சியாளர்கள். ஆனால் பெரியவர்களின் பழைய மட்டையை அறுத்துக் கொடுத்திருந்தால் அதை மாற்றக் கேளுங்கள். அறுத்தது பிள்ளைக் கைக்கு விறைப்பாகவும் கனமாகவும் இருக்கும்.

கூடவே கடைசி ஆறு போட்டிகளின் ஸ்கோர் அட்டை நகல், ஹேண்டிகேப் எண் (ஆடுபவரின் திறமையைக் காட்டும் எண்), இந்திய கோல்ஃப் யூனியனில் பதிவு செய்திருந்தால் அந்த எண். கபடிப் பிள்ளைக்கு யாராவது ‘நன்றாக ஆடுகிறாள்’ என்று எழுதித் தரவேண்டும். உங்கள் பெண்ணுக்கு அட்டையே பேசும். கோல்ஃபில் அடி குறைவதுதான் முன்னேற்றம்; போன வருடம் 104, இப்போது 91 என்றால் அதை முதல் வரியிலேயே போடுங்கள்.

யாருக்கு எழுதுவது? மலையிறங்கி வரும் ஒரு நாளில், காந்தி ஸ்டேடியத்தில் இருக்கும் மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கு நேரில் போங்கள். 2023-ல் அரசு தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை, போட்டிச் செலவுக்கும் உபகரணத்துக்கும் உதவுகிறது. விண்ணப்பம் இணையத்தில்தான், ஆனால் உங்கள் பெண்ணின் போட்டிகள் அதில் வருமா என்று நேரில் கேட்டுவிட்டு நிரப்புங்கள். தமிழ்நாடு கோல்ஃப் கூட்டமைப்புக்கும் ஒரு கடிதம். டெல்லியில் ‘தி கோல்ஃப் ஃபவுண்டேஷன்’ என்று ஒன்று, 2000-லிருந்து வசதியில்லாத பிள்ளைகளைத் தேடி ஆட வைக்கிறது. ஹரியானாவில் ஒரு பால்காரரின் மகன் சுபம் ஜக்லன், 2015-ல் பத்து வயதில் அமெரிக்கா போய் ஜூனியர் உலகப் பட்டம் வென்றான். அவனுக்குத் துணை நின்றது அது.

பெரிய கம்பெனிகளை விட்டுவிடாதீர்கள். ஆண்டு நிகர லாபம் 5 கோடி, அல்லது விற்றுவரவு 1,000 கோடி, அல்லது நிகர மதிப்பு 500 கோடி தொட்ட கம்பெனி, மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது 2013 கம்பெனிச் சட்டம். ஒலிம்பிக் விளையாட்டுப் பயிற்சி அந்தப் பட்டியலில் இருக்கிறது. கோல்ஃப் 2016 ரியோவில் ஒலிம்பிக்குக்குத் திரும்பிவிட்டது. டோக்கியோவில் பெங்களூர்ப் பெண் அதிதி அசோக் ஒரே ஒரு அடியில் பதக்கத்தை விட்டு நாலாவதாக வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஆனால் கம்பெனிகள் பெரும்பாலும் பதிவு பெற்ற அறக்கட்டளை வழியாகவே தருவார்கள், நேரே உங்கள் கையில் தருவது அபூர்வம். அதனால் ‘எந்த அறக்கட்டளை மூலம் கொடுக்கிறீர்கள்’ என்று முதலில் கேளுங்கள்.

அமெரிக்கா சொன்னீர்களே. அது அமெரிக்க ஜூனியர் கோல்ஃப் சங்கத்தின் ‘ஏஸ்’ உதவித்தொகை, 2003-லிருந்து இருக்கிறது. அங்கே அந்தச் சங்கப் போட்டிகளில் ஆடும் பிள்ளைகளுக்கானது, அதை விடுங்கள். ஆனால் அவர்கள் முறையைத் தெரிந்துகொள்ளுங்கள்: குடும்ப வருமானம் பார்ப்பார்கள், முதலில் நீங்கள் செலவழிக்க வேண்டும், பிறகு ரசீது கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டும். இங்கேயும் நிறைய இடத்தில் அப்படித்தான். அதனால் ரசீது முக்கியம். கண்டக்டர் மெஷினில் தரும் பஸ் டிக்கெட் சில மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிடும். பஸ்ஸிலேயே போட்டோ எடுங்கள், மலை ஏறும் முன் ஜெராக்ஸும் எடுங்கள். வெற்றுத் தாளை ஆணியில் குத்திக் கொண்டுவந்து ‘இது பெங்களூர், இது ஓசூர்’ என்று விளக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாகப் பெயர். இது என் சொந்த சோகம். என் மகள் பள்ளியில் பூப்பந்து ஆடிய காலத்தில், வெளியூர் அறக்கட்டளை ஒன்று 6,000 ரூபாய்க்குக் காசோலை அனுப்பியது. காசோலையில் இனிஷியல் முன்னால். வங்கிக் கணக்கில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். திரும்பிப் போன காசோலை சரியாகி வர மூன்று மாதம். அதற்குள் போட்டி முடிந்துவிட்டது. அப்போது நான் வேலை செய்த கிளையில் பெயர் ஒத்துவராத காசோலைகளைத் தினமும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது நான்தான். ஆதார், பள்ளிச் சான்று, பாஸ்புக், கோல்ஃப் பதிவு நான்கிலும் மகள் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று இன்றைக்கே பாருங்கள். தாசில்தார் அலுவலக வருமானச் சான்றும் புதிதாக இருக்கட்டும்.

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன், வருமான வரி கட்டுகிறேன். 16 வயது மகனின் கோல்ஃபுக்கு வருடம் நாலு லட்சம் ஆகிறது. உதவி கேட்க வீட்டில் கூச்சப்படுகிறார்கள். சட்டையில் கடைப் பெயரைப் போட்டுக்கொண்டால் செலவை ஏற்கிறோம் என்று ஒரு துணிக்கடைக்காரர் சொல்கிறார். அப்படி வாங்கினால் பையனின் அமெச்சூர் (காசுக்காக ஆடாதவர்) தகுதி போய்விடுமா? — ஒரு வாசகர், சேலம்

பதில்: போகாது. பழைய விதிகளை வைத்துச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2022 ஜனவரி 1 முதல் அமெச்சூர் விதிகள் மாறிவிட்டன. செலவுத் தொகை, ஸ்பான்சர், விளம்பரம் இவற்றுக்கு இருந்த தடையெல்லாம் எடுத்தாயிற்று. பரிசுக்கு மட்டும் வரம்பு உண்டு, அமெரிக்கக் கணக்கில் 1,000 டாலர். அதற்கு மேல் பரிசு வாங்கினாலோ, தொழில்முறை வீரராக ஆடினாலோ, காசு வாங்கிக்கொண்டு ஆட்டம் சொல்லிக் கொடுத்தாலோதான் சிக்கல். அமெரிக்கக் கல்லூரியில் கோல்ஃப் மூலம் சேரும் எண்ணம் இருந்தால், கல்லூரி விளையாட்டுக்கு அங்கே தனி விதி இருக்கிறது. சட்டைக் கடையோடு கையெழுத்துப் போடும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

கூச்சம் பற்றி. எல்லா உதவியும் ஏழைக்கு மட்டும் என்றில்லை. சிலவற்றில் வருமான உச்சவரம்பு இருக்கும், சிலவற்றில் தரவரிசை மட்டும் பார்ப்பார்கள். முதல் வகையில் இடமில்லை என்றால் இரண்டாவதில் போடுங்கள். ஆனால் வருமானத்தைக் குறைத்துக் காட்டாதீர்கள். உங்கள் பையனுக்கே தெரியும்: ஒரு குழியில் அடித்ததைவிடக் குறைத்து எழுதிய அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் ஆட்டத்திலிருந்தே நீக்கம். கூட்டி எழுதிவிட்டால் அந்தக் கூடுதல் அப்படியே நிற்கும், அவ்வளவுதான். மனுவும் அப்படியே. பட்டறை வருமானம் ஏறி இறங்கும் என்றால் மூன்று வருடக் கணக்கையும் வையுங்கள், ஏற்ற இறக்கம் தானாகத் தெரியும்.

கேள்வி: இருபது சதவீதம் கொடுத்தால் விளையாட்டு உதவித்தொகை வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா? — ஒரு வாசகி, ஃபேர்லேண்ட்ஸ்

பதில்: வேண்டாம். பிள்ளையின் ஆதார் நகலைக் கொடுத்திருந்தால் திருப்பி வாங்குங்கள்.

கேள்வி: அம்மா, எனக்கு 14 வயது. கோல்ஃப் உதவித்தொகை விண்ணப்பத்தில் ‘உன்னைப் பற்றி 200 சொற்கள்’ என்று கேட்டிருக்கிறார்கள். ‘விடாமுயற்சியே என் மூச்சு’ என்று ஆரம்பித்திருக்கிறேன். சரியா? போன மாதப் போட்டியில் தண்ணீர் இருக்கும் ஏழாம் குழியில் மூன்று பந்தைத் தண்ணீரில் விட்டு 9 அடித்தேன், அதை எழுதாமல் மறைத்துவிடலாமா? — ஒரு மாணவன், சூரமங்கலம்

பதில்: கண்ணு, மூச்சை விட்டுவிடு. இந்த வாரம் நான் படித்த மனுக்களில் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு விடாமுயற்சிதான் மூச்சு. தண்ணீரில் பந்தை விட்டதாக ஒருவரும் எழுதவில்லை.

அங்கிருந்தே ஆரம்பி. ‘ஏழாம் குழியில் மூன்று பந்தைத் தண்ணீரில் விட்டேன்.’ முதல் பந்து விழுந்ததும் என்ன நினைத்தாய், மூன்றாவதையும் ஏன் அதே மட்டையில் அடித்தாய், அன்றைக்கு ராத்திரி கோயம்புத்தூரிலிருந்து திரும்பி வரும் ரயிலில் அப்பா என்ன சொன்னார், எல்லாம் எழுது. அழுதிருந்தால் அதையும் எழுது, அதற்கு ஒரு வரி போதும். கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒன்று சொல்லியிருக்கிறாயே, ‘நேற்று அதே குழியில் தண்ணீருக்கு முன்னாலேயே போட்டுவிட்டு அடுத்த அடியில் தாண்டினேன், 4’ என்று. அதை அடுத்த பத்தியில் வை. 9 எப்படி 4 ஆனது என்பதை அவர்கள் படித்துப் புரிந்துகொள்வார்கள், நீ விளக்க வேண்டாம்.

200 சொல் என்றால் 200-ஐத் தாண்டாதே. தமிழில் எழுத அனுமதி இருந்தால் தமிழிலேயே எழுது. அப்பா திருத்தட்டும், ஆனால் அவர் எழுதக் கூடாது. பெரியவர் எழுதியது இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். தேதி போட மறக்காதே, உன் கையெழுத்துக்கும் அப்பா கையெழுத்துக்கும் தனித்தனி இடம் இருக்கும். அந்தப் பத்தியை எனக்கும் ஒரு நகல் அனுப்பு, மூன்றாவது பந்தை ஏன் அதே மட்டையில் அடித்தாய் என்று எனக்கும் தெரிய வேண்டும்.