ஃபோம் கேனனில் ஷாம்பூ எவ்வளவு ஊற்றுவது?

கேள்வி: வீட்டில் 1,500 வாட் பிரஷர் வாஷர் இருக்கிறது. அதில் மாட்டி நுரை அடிப்பதற்கு 1 லிட்டர் பாட்டிலோடு ஒரு ஃபோம் கேனன் வாங்கினேன். 100 மில்லி கார் ஷாம்பூ ஊற்றி மீதிக்குத் தண்ணீர் நிரப்பியும் நுரை மோர் மாதிரி வழிந்து ஓடிவிடுகிறது. இன்னும் எவ்வளவு ஊற்ற வேண்டும்? பாத்திரம் கழுவும் லிக்விட் கொஞ்சம் சேர்க்கலாமா? எங்களுக்குப் போர் தண்ணீர்தான். கார் சின்ன ஹேட்ச்பேக்.
(ஒரு வாசகர், திருப்பூர்)

பதில்: ஷாம்பூவைக் கூட்டாதீர்கள். 100 மில்லியே தாராளம். கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

பாட்டிலில் நீங்கள் கலப்பது அப்படியே காரின் மேல் போய் விழுவதில்லை. பிரஷர் வாஷரிலிருந்து வரும் தண்ணீர் கேனனுக்குள் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே பெரிய துளை வழியாகப் பாய்கிறது. அந்த வேகத்தில் அங்கே அழுத்தம் குறைந்து, பாட்டிலில் இருக்கும் கலவை குழாய் வழியாக மேலே இழுக்கப்படுகிறது. இரண்டும் சேர்ந்து, காற்றோடு கலந்து, உள்ளே இருக்கும் கம்பி மெஷ்ஷைக் கடக்கும்போதுதான் நுரையாகிறது. அதாவது பாட்டிலில் ஒருமுறை கலந்த ஷாம்பூ, கேனனுக்குள் இன்னொரு முறை தண்ணீரோடு கலக்கிறது. பெயின்ட்டின் மேல் எந்த விகிதத்தில் போய்ச் சேர்கிறது என்பதுதான் கணக்கு. ஷாம்பூ டப்பாவில் போட்டிருக்கும் விகிதம் பக்கெட்டுக்கா, பாட்டிலுக்கா என்று பலர் பார்ப்பதே இல்லை.

உங்கள் கேனனுக்கு அந்த இரண்டாவது கலப்பு எவ்வளவு என்று ஒரே ஒருமுறை அளந்துவிடுங்கள். பாட்டிலில் ஷாம்பூ இல்லாமல் வெறும் தண்ணீர் 1 லிட்டர் ஊற்றுங்கள். கேனனின் மேலே கலவையின் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகை, நுரை அடிக்கும்போது வைக்கும் அதே இடத்தில் வைத்து, 20 லிட்டர் பக்கெட்டுக்குள் சிதறாமல் அடியுங்கள். பாட்டில் காலியான நொடியில் நிறுத்திவிட்டு, பக்கெட்டில் எத்தனை லிட்டர் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். 12 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பாட்டிலில் 60 மில்லி ஷாம்பூ ஊற்றினால் காரின் மேல் 1:200 விகிதத்தில் விழும். 120 மில்லி ஊற்றினால் 1:100. நீங்கள் ஊற்றும் 100 மில்லி, கிட்டத்தட்ட 1:120. திருகை நகர்த்தினால் இந்தக் கணக்கு மாறிவிடும் என்பதால், அளந்த இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

வாராவாரம் கழுவும் தூசி படிந்த காருக்கு 1:200 போதும் என்பது என் கருத்து. மழைக்காலச் சேறு என்றால் 1:100 வரை போகலாம். டப்பாவில் நுரைக்கென்று தனி அளவு கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஹேட்ச்பேக்குக்கு அரை பாட்டில் போதும். அதனால் 500 மில்லி தண்ணீர், 30 மில்லி ஷாம்பூ என்று ஆரம்பியுங்கள். முதலில் தண்ணீர், அப்புறம் ஷாம்பூ. மாற்றி ஊற்றினால் பாட்டிலுக்குள்ளேயே நுரை பொங்கி இடத்தை அடைத்துக்கொள்ளும். குலுக்க வேண்டாம், இரண்டு மூன்று முறை மெல்லச் சாய்த்தால் கலந்துவிடும்.

சரி, நுரை ஏன் நிற்கவில்லை? முதலில் அந்தத் துளையைப் பாருங்கள். கடையில் கிடைக்கும் கேனன்கள் பலவற்றில் அது 1.25 மில்லிமீட்டர். வீட்டு மெஷின்கள் பல, நிமிடத்துக்கு 6 லிட்டர் அளவில்தான் தண்ணீர் தள்ளும். அவற்றுக்கு 1.1 மில்லிமீட்டர் துளை நன்றாகப் பொருந்தும். துளை இருக்கும் அந்தச் சின்னப் பித்தளைத் துண்டு தனியாகவே கிடைக்கிறது, மாற்றுவதும் எளிது. அடுத்து, உறிஞ்சும் குழாய் பாட்டிலின் அடிவரை போகிறதா, மேல்முனையில் தளர்ந்து காற்று இழுக்கிறதா என்று பாருங்கள். பழைய கேனன் என்றால் மெஷ் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

போர் தண்ணீருக்கும் இதில் பங்கு உண்டு. கால்சியமும் மெக்னீசியமும் அதிகமுள்ள உப்புத் தண்ணீரில் நுரை குறைவாகத்தான் வரும். பாட்டிலில் மட்டும் கேன் தண்ணீர் ஊற்றுவதால் பெரிய மாற்றம் இருக்காது, ஏனென்றால் காரின் மேல் விழுவதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மெஷின் வழியாக வரும் போர் தண்ணீர்தான். நல்ல தண்ணீர் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் அதைக் கடைசி அலசலுக்கு வையுங்கள். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரைச் சேர்த்து வைத்துக் கார் கழுவுகிறவர்கள் உண்டு. தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற அக்கறை புரிகிறது. ஆனால் அதில் உப்பு போர் தண்ணீரைவிட அதிகம். காய்ந்ததும் கண்ணாடியிலும் கறுப்பு பெயின்ட்டிலும் வெள்ளைத் திட்டு விழும்.

பாத்திர லிக்விட் வேண்டவே வேண்டாம். அது எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்காகச் செய்தது. பெயின்ட்டின் மேல் இருக்கும் வாக்ஸையும் அது சேர்த்து எடுத்துவிடும். துணி துவைக்கும் பவுடர் இன்னும் மோசம், சோடா சேர்ந்த காரம் அது. பிஎச் நியூட்ரல் (அமிலமும் இல்லை, காரமும் இல்லை) என்று போட்ட கார் ஷாம்பூ போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கெட்டியான நுரை பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது மட்டுமே அழுக்கை எடுத்துவிடாது. நுரை கொஞ்சம் கீழே வழிய வேண்டும், அப்போதுதான் ஊறிய மணலும் தூசியும் அதோடு இறங்கும். கை வைத்துத் தேய்ப்பதற்கு முன் அந்த மணல் போய்விட்டால் பெயின்ட்டில் கீறல் குறையும். கேனனின் உண்மையான பயன் இதுதான். ஆகவே நிழலில், பானெட் ஆறிய பிறகு, கீழிருந்து மேலாக நுரை அடித்து மூன்று முதல் ஐந்து நிமிடம் விடுங்கள். நம் வெயிலில் அதற்குள்ளேயே காய ஆரம்பித்தால் காத்திருக்காதீர்கள், உடனே மேலிருந்து கீழாக அலசுங்கள். அப்புறம் மைக்ரோஃபைபர் கையுறையால் மெல்லத் தேய்த்து, மறுபடி அலசி, துளிகள் காய்வதற்குள் துடைத்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் பாட்டிலைக் கழுவி, வெறும் தண்ணீர் நிரப்பி அரை நிமிடம் அடித்துவிட்டு எடுத்து வையுங்கள். ஷாம்பூ உள்ளேயே காய்ந்தால் துளையும் மெஷ்ஷும் அடைத்துக்கொள்ளும். அப்படி ஏற்கெனவே அடைத்திருந்தால் மெஷ்ஷைக் கழற்றி வினிகரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து அலசுங்கள், போர் தண்ணீரின் உப்புப் படிவும் அதிலேயே கரைந்து போகும்.