வரும் நேரம் சரி, போகும் நேரம்?

கேள்வி: படிப்பு முடிந்து முதல் வேலை. இரண்டு இடங்களில் ஆர்டர் கிடைத்திருக்கிறது. ஒன்று பழைய பாணி நிறுவனம். காலை ஒன்பதுக்குக் கைரேகை வைக்க வேண்டும், சட்டையை டக்-இன் செய்துதான் வர வேண்டும், வீட்டிலிருந்து வேலை என்ற பேச்சே கிடையாது. இன்னொன்றில் எப்போது வேண்டுமானாலும் வரலாம், போகலாம். "இந்தக் காலத்தில் போய் அங்கே சேருவாயா?" என்கிறார்கள் நண்பர்கள். எதில் சேரட்டும்?

பதில்: ஒன்பது மணிக்கு உள்ளே போக வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை மணிக்கு வெளியே வரலாம் என்று எழுதவில்லையே? முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வேலை நேரத்துக்கு வரம்பு வேண்டும் என்று கேட்டுப் போராடியவர்கள் தொழிலாளர்கள். 1919-ல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு தன் முதல் உடன்படிக்கையிலேயே ஆலைகளுக்கு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியது. கடைகளுக்கும் அலுவலகங்களுக்குமான உடன்படிக்கை 1930-ல் வந்தது. நேரம் முடிந்ததும் எழுந்து வீட்டுக்குப் போவதும் அந்தப் பழைய விதியில் பாதி. நல்ல பழைய நிறுவனங்களில் அதை மதிப்பார்கள். "எப்போது வேண்டுமானாலும் வா" என்கிற இடங்கள் பலவற்றில் ராத்திரி பத்து மணிக்கும் போன் வரும். பிரான்ஸ், வேலை நேரம் முடிந்தபின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையை 2017 முதல் சட்டமாகவே நடைமுறைப்படுத்த வேண்டி வந்தது.

முதல் வேலை என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். நான் முதலில் சேர்ந்த அலுவலகத்தில் பக்கத்து மேஜைப் பெரியவர் என் கடிதங்களைப் பென்சிலால் திருத்தித் தருவார். ஒருநாள் நான் எழுதிய 'உடனடியாக' என்ற சொல்லை அடித்துவிட்டு, "உடனே என்றால் ஆளுக்கு ஒரு அர்த்தம். தேதியைப் போடு" என்றார். இன்றைக்கும் நான் தேதிதான் போடுகிறேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் கிடைத்த பாடம் அது.

டக்-இன் எல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும், விடுங்கள். என்னால் பொறுக்க முடியாதது வேறு. முந்தின நாள் இரவு எட்டு வரை உட்கார்ந்து கணக்கை முடித்தவர் மறுநாள் பத்து நிமிடம் தாமதமாக வந்தால், அரை நாள் லீவைக் கழிப்பார்கள். நாலு மணிக்கே வேலையை முடித்தவரைச் சும்மா உட்கார வைப்பார்கள். நாற்காலியில் ஆள் இருந்தால் வேலை நடக்கிறது என்ற இந்த எண்ணம் கைக்குழந்தை உள்ளவர்களையும், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களையும்தான் முதலில் வெளியே தள்ளுகிறது.

இத்தனைக்கும் இதில் நிறுவனத்துக்கும் லாபமில்லை. சீனாவின் டிரிப்.காம் நிறுவனத்தில் 1,612 ஊழியர்களை வைத்து நடந்த ஆய்வு 2024-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களில், வேலையை விட்டுப் போனவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். பெண்களிடமும், தொலைவிலிருந்து வந்து போகிறவர்களிடமும் அந்த மாற்றம் நன்றாகத் தெரிந்தது. வேலைத் தரம் குறையவில்லை.

ஆகவே கையெழுத்துப் போடுமுன் அந்தப் பழைய நிறுவனத்தின் விதிகளை எழுத்தில் கேளுங்கள். ஓவர்டைம் கூலி, தாமதத்துக்குப் பிடித்தம், அவசர லீவு மூன்றையும் பாருங்கள். அப்புறம் ஒருநாள் சாயங்காலம் அலுவலகம் விடும் நேரத்தில் வாசலில் போய் நில்லுங்கள். ஊழியர்கள் நேரத்துக்கு வெளியே வந்தால் தைரியமாகச் சேருங்கள். ஏழு மணி ஆகியும் விளக்கு எரிந்துகொண்டிருந்தால், அங்கே வேண்டாம்.