மட்டி ஓட்டில் துளை போட்டது யார்?

கேள்வி: தரங்கம்பாடிக் கடற்கரையில் என் வகுப்புப் பிள்ளைகள் பொறுக்கி வரும் மட்டி ஓடுகள் பலவற்றில், மாலை கோப்பதற்கென்றே போட்டதுபோல வட்டமான சிறு துளை இருக்கிறது. அலையில் தேய்ந்து விழுந்த துளை என்கிறார் ஒருவர். புழு அரித்தது என்கிறார் இன்னொருவர். எது சரி?
(ஓர் ஆசிரியை, பொறையாறு)

பதில்: அலையில் தேய்ந்தாலும் துளை விழத்தான் செய்யும், ஆனால் அதன் விளிம்பு கோணல்மாணலாக இருக்கும். நீங்கள் சொல்வதுபோல் கடைந்தெடுத்த வட்டமாக இருந்தால், அதைப் போட்டது பெரும்பாலும் நிலா நத்தை எனப்படும், நாட்டிசிடே குடும்பத்தைச் சேர்ந்த கடல் நத்தையே. ஊனுண்ணியான இது, காவிரி கொண்டுவந்து சேர்த்த மணலும் வண்டலும் படிந்த நம் கரையோரக் கடலடியில், மட்டிகள் புதைந்து வாழும் அதே மணலுக்குள் தானும் உழுதுகொண்டு போய், எதிர்ப்படும் மட்டியைத் தன் அகன்ற தசைப்பாதத்தால் போர்த்திப் பிடித்துக்கொள்கிறது.

அதன் பிறகு நடப்பது வியக்கத்தக்க பொறுமையான வேலை. நத்தையின் துதிக்கை போன்ற வாய்க்குழலின் நுனியருகே ஒரு சுரப்புறுப்பு இருக்கிறது. அதிலிருந்து வரும் அமிலமும் நொதிகளும் சுண்ணாம்பு ஓட்டை இளக்க, இளகியதை அரம் போன்ற நாக்கு சுரண்டி எடுக்க, மீண்டும் அமிலம், மீண்டும் சுரண்டல் என்று மாறி மாறி நடக்கிறது. ஒரு நாள் முழுதும் உழைத்தாலும் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் ஆழந்தான் இறங்கும். துளை விழுந்ததும் வாய்க்குழலை உள்ளே செலுத்திச் சதையைத் தின்றுவிடுகிறது. ஒரு பக்கம் துளைத்தாலே போதும் என்பதால், மட்டியின் இரண்டு ஓடுகளில் பெரும்பாலும் ஒன்றில் மட்டுமே துளை காணப்படும்.

ஓடு ஒன்றை உள்ளங்கையில் வைத்து உருப்பெருக்கியால் பாருங்கள். துளை வெளிப்புறம் அகன்று, உட்புறம் குறுகி, புனல்போல் சரிந்திருந்தால் அது நிலா நத்தையின் வேலை. சுவர் நேராக இறங்கியிருந்தால் முட்சங்கு வகையான மியூரெக்ஸின் வேலையாக இருக்கலாம். சில ஓடுகளில் துளை முற்றுப்பெறாமல் குழியாக நின்று, நடுவே குமிழ்போல் சிறு மேடு தெரியும். பிள்ளைகளுக்கு முதலில் காட்ட வேண்டியது அதைத்தான் என்பேன். வேலை பாதியில் எப்படி இருந்தது என்பது அதில் அப்படியே பதிந்திருக்கிறது.

அதே கரையில், சட்டைக் கழுத்துப்பட்டைபோல் வளைந்த மணல்துண்டு கிடந்தால் ரப்பர்க் குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். நிலா நத்தை தன் முட்டைகளை மணலோடும் சளியோடும் சேர்த்துச் செய்த பட்டை அது. ஈரமாக இருந்தால் தண்ணீரிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள்.