குவாரிக்கு லைசென்ஸ் இருக்கிறது, ஜல்லிக்கு?

கேள்வி: புதுக்கோட்டை அருகே சொந்த வீடு கட்டுகிறேன். அஸ்திவாரம் முடிந்து, பில்லர் போடப் போகிறோம். ஜல்லியும் எம்-சாண்டும் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) தருபவரிடம் டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டேன். “அரசாங்க லைசென்ஸ் உள்ள குவாரி சார், டெஸ்ட்டெல்லாம் தேவையே இல்லை” என்கிறார். தலா ஒரு லோடு என்று இரண்டும் இறக்கியாகிவிட்டது. நம்பிப் போடலாமா?

பதில்: லைசென்ஸ் இருப்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது கல்லை வெட்டி எடுப்பதற்கான அனுமதி. வெட்டிய கல் உங்கள் பில்லருக்கு ஆகுமா என்று அதில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

தமிழ்நாட்டில் குவாரிக் குத்தகை 1959ஆம் ஆண்டின் சிறுகனிமச் சலுகை விதிகளின்படி தரப்படுகிறது. எவ்வளவு ஆழம், எத்தனை கன மீட்டர் என்று சுரங்கத் திட்டம் போட்டு, கனிமவளத் துறையிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். தீபக் குமார் வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, 5 ஹெக்டேருக்குக் குறைவான குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம். கல்லை உடைக்கும் ஆலையான கிரஷருக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை தனி. ஊருக்கும் கிணற்றுக்கும் அங்கே வேலை செய்பவர்களுக்கும் இவையெல்லாம் அவசியம். ஆகவே லோடு இறங்கும்போது, அது எங்கிருந்து வந்தது என்று காட்டும் நடைச்சீட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள். ஆனால் கல்லின் வலுவைப் பற்றி அந்தச் சீட்டில் ஒரு வரியும் இருக்காது.

எம்-சாண்டுக்கு மட்டும் ஒரு படி கூடுதலாக உண்டு. பொதுப்பணித் துறையினர் ஆலையைப் பார்வையிட்டு, மாதிரி எடுத்துச் சோதித்துச் சான்று தருகிறார்கள். உங்கள் ஆளிடம் முதலில் இதைக் கேளுங்கள். சான்றில் ஆலையின் பெயரும் தேதியும் சரியாக இருக்கின்றனவா, லாரி அந்த ஆலையிலிருந்துதான் வந்ததா என்று நடைச்சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தச் சான்று மணலுக்குத்தான், அதே ஆலையின் ஜல்லிக்கு அல்ல.

தரத்தைப் பேசுவது ஐ.எஸ். 383 என்ற இந்தியத் தர நிர்ணயம். இப்போதிருப்பது 2016இல் திருத்தியது. அதில் வீடு கட்டுபவர் பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது கல்லின் வலு. லேபில் 10 மி.மீ. சல்லடையில் நிற்கும் ஜல்லியை ஒரு இரும்புக் கிண்ணத்தில் போட்டு, சுமார் 14 கிலோ சுத்தியலை 38 செ.மீ. உயரத்திலிருந்து 15 முறை விழவிடுவார்கள். பொடியாகி 2.36 மி.மீ. சல்லடை வழியே இறங்குவது எத்தனை சதவீதம் என்பதே கணக்கு. வீட்டுக் கான்கிரீட்டுக்கு 45 சதவீதம் வரை அனுமதி. தேய்மானம் உள்ள தளத்துக்கு 30தான். நம் பக்கத்து நல்ல கருங்கல் இந்தச் சோதனையில் சுலபமாகத் தேறிவிடும். மாட்டிக்கொள்வது, குவாரியின் மேல்மட்டத்தில் வெயிலும் மழையும் தின்று பழுப்பேறிய பாறையை உடைத்த ஜல்லிதான்.

இரண்டாவது வடிவம். தட்டையும் நீளமுமான கற்கள் இரண்டும் சேர்த்து 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இதற்கு லேப் வரை போகும் முன்பே, ஒரு சட்டி முக்கால் இஞ்ச் (20 மி.மீ.) ஜல்லியைத் தரையில் கொட்டி, ஓட்டுச்சில்லு போலவும் நீளமாகவும் இருப்பதை ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஒதுக்கிய குவியல் மற்றதில் முக்கால் அளவுக்கு வந்துவிட்டால், லோடைத் திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள். சில்லுக் கற்கள் கம்பிகளுக்கு நடுவே குறுக்கே மாட்டி, கீழே கான்கிரீட் இறங்க விடாது. பலகை பிரித்ததும் தேன்கூடு போல ஓட்டை தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது தூசியும் மண்ணும். 75 மைக்ரானுக்கும் நுண்ணிய பொடி எம்-சாண்டில் 15 சதவீதம் வரை இருக்கலாம், ஜல்லியில் 1 சதவீதம்தான். எம்-சாண்டில் இருப்பது கல்பொடியா களிமண்ணா என்பதே முக்கியம். கண்ணாடி பாட்டிலில் பாதி மணல், மேலே தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மணிக்கணக்கில் தெளியாமல் செம்மண் குட்டை போலக் கலங்கியே நின்றால், மேலே படிந்தது விரலில் பசைபோல ஒட்டினால், களிமண் கலந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். ஒருமுறை மழைக்காலத்தில் வீடு கட்டும் ஓர் இடத்தில் ஜல்லியை வாளித் தண்ணீரில் அலசினேன். தண்ணீர் சிவந்துவிட்டது. பாறைக்கு மேலிருந்த மண்ணை ஒழுங்காக அகற்றாமல் உடைத்திருக்கிறார்கள். அந்த மண்பூச்சு இருக்கும் வரை சிமென்ட் கல்லைப் பிடிக்காது.

கண்ணுக்குத் தெரியாத குறையும் உண்டு. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வில்லிங்டன் என்ற ஊரின் ஒரு குவாரிக் கல்லில் பைரோடைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமம் இருந்தது. காற்றும் ஈரமும் பட்டு அது மெல்ல மெல்ல ஊதி, ஆயிரக்கணக்கான வீடுகளின் அஸ்திவாரம் பத்து இருபது வருடம் கழித்து வெடிப்பு விட்டது. கான்கிரீட்டுக்குக் கல் தரும் குவாரிகள் புவியியல் அறிக்கை தர வேண்டும் என்று அந்த மாநிலம் 2021இல் சட்டம் போட்டது. பைரைட் போன்ற இரும்புக் கந்தகக் கனிமங்கள் கூடாது என்று நம் ஐ.எஸ். 383உம் சொல்கிறது. ஆனால் அதைப் பார்க்கும் சோதனையைக் குத்தகை தரும்போதே கட்டாயமாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தனித்தனியாக லேபுக்கு அலைவது நியாயமே இல்லை.

இறக்கிய லோடுகளுக்கு வருவோம். குவியலின் மேல், நடு, அடி என மூன்று இடத்திலும் அள்ளிக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பாகத்தை மட்டும் மூட்டை கட்டுங்கள். அருகிலுள்ள அரசுப் பொறியியல் கல்லூரியின் சிவில் ஆய்வகத்திலோ ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.லின் அங்கீகாரம் பெற்ற லேபிலோ கொடுத்து, சல்லடைப் பகுப்பு (எந்த அளவுக் கல் எவ்வளவு), நுண்பொடி, மோதல் வலு (மேலே சொன்ன சுத்தியல் சோதனை), வடிவம் ஆகிய நான்கையும் கேளுங்கள். வியாபாரி கையில் கொடுத்தனுப்ப வேண்டாம். ரிப்போர்ட் வரும்வரை பில்லர் காத்திருக்கட்டும், அதற்குள் மேஸ்திரி கம்பி கட்டும் வேலையைப் பார்க்கலாம். கான்கிரீட் போடும் அன்று அதே கலவையில் 150 மி.மீ. க்யூப் (கனசதுரக் கட்டி) ஆறு பிடித்து, வலுவை அறிய மூன்றை 7ஆம் நாளும் மூன்றை 28ஆம் நாளும் லேபில் உடைத்துப் பாருங்கள். குவாரியோ ஆலையோ மாறினால், இதே சோதனைகளை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும்.