ஏழு மணி நேரம் தூங்கியும் கருவளையம் ஏன்?

கேள்வி: எனக்கு வயது 29. தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். எம்.சி. ரோட்டில் துணிக்கடையில் வேலை. மூன்று வருஷமாகக் கண்ணுக்குக் கீழே கருவளையம். பார்ப்பவர்கள் எல்லாம் 'நல்லா தூங்கும்மா' என்கிறார்கள். நான் ஏழு மணி நேரம் தூங்குகிறேன். வெள்ளரிக்காய், உருளைக்கிழங்குச் சாறு, எலுமிச்சை எல்லாம் போட்டாச்சு. மெடிக்கலில் கொடுத்த கிரீமைப் போட்டால் குறைகிறது, விட்டால் முன்னைவிட அதிகமாகிறது. காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், கண் அரிப்பு. அம்மாவுக்கும் லேசாகக் கருவளையம் உண்டு. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த கிரீம் டியூபைத் திருப்பி, பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால், ஃப்ளூசினோலோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. 'போட்டால் குறையும், விட்டால் கூடும்' என்பதே அதன் அடையாளம். கண்ணுக்குக் கீழே தோல் சுமார் அரை மில்லிமீட்டர் கனம்தான். ஸ்டீராய்டு அதை இன்னும் மெலிதாக்கும். அடியிலுள்ள ரத்தக்குழாய்கள் வெளியே தெரிந்து கருமை கூடும். மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறலாம், புரை வரலாம். சில நாள்தான் போட்டீர்கள் என்றால் நிறுத்திவிடுங்கள். பல மாதம் தினமும் போட்டிருந்தால் சட்டென்று விடும்போது எரிச்சலும் சிவப்பும் வரும். தோல் மருத்துவரிடம் காட்டிப் படிப்படியாகக் குறைப்பது நல்லது. எலுமிச்சையை இன்றோடு விடுங்கள். அந்தச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் புண்ணாகி, புதிதாகக் கருப்பு விழும். வெள்ளரிக்காயால் கெடுதல் இல்லை. அதிலுள்ள குளிர்ச்சியில் வீக்கம் கொஞ்ச நேரம் வடியும், அவ்வளவுதான்.

இனி, இது எந்த வகைக் கருமை என்று பாருங்கள். டியூப் லைட் தலைக்கு மேலே இருந்தால் யாருக்கும் கண்ணுக்குக் கீழே நிழல் விழும், அதனால் அதன் கீழே நின்று பார்க்க வேண்டாம். காலையில் ஜன்னலைப் பார்த்து நின்று, கைக்கண்ணாடியை நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள். விரலால் கீழிமைத் தோலை மெல்லக் கன்னத்துப் பக்கம் இழுங்கள். பழுப்பு நிறம் தோலோடு சேர்ந்து நகர்ந்து, நிறமும் மாறாமல் இருந்தால் அது நிறமி. பரம்பரை, வெயில், தேய்ப்பு ஆகியவற்றால் வருவது. இழுக்கும்போது நீலமோ ஊதாவோ அழுத்தமாகத் தெரிந்தால் ரத்தக்குழாய். முகத்தை நிமிர்த்தியதும், வெளிச்சம் நேராக விழும்போது கருமை காணாமல் போனால் அது நிழல். கண்ணுக்கும் கன்னத்துக்கும் நடுவே உள்ள பள்ளத்தால் வருவது, எந்த கிரீமும் அதை நிரப்பாது. பலருக்கு இரண்டு வகை கலந்தே இருக்கும். மேல் இமையும் கருத்து, கழுத்தின் பின்புறமும் அக்குளும் வெல்வெட் மாதிரித் தடித்துக் கருத்திருந்தால் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் எங்களுக்கு முக்கியமாகப் படுவது தூக்கம் அல்ல, தும்மல்தான். ஒவ்வாமையில் மூக்கின் உள்பக்கம் வீங்கினால், கீழிமையிலிருந்து ரத்தம் வடிவது தாமதமாகும். அங்கே தேங்கி நீலம் பாரிக்கும். கூடவே அரிப்பு. அரித்தால் தேய்ப்போம், தேய்த்த இடம் வருஷக்கணக்கில் பழுப்பேறும். கன்டெய்னர் லாரிப் புழுதியிலும் மணலி, எண்ணூர்ப் பக்கத்துப் புகையிலும் இருப்பவர்களுக்கு இது சகஜம். துணிக்கடையில் பண்டல் பிரிக்கும்போது பறக்கும் தூசும் உங்களுக்குச் சேர்கிறது. பிரிக்கும் நேரத்துக்காவது மாஸ்க் போடுங்கள்.

தலையணை உறையையும் போர்வையையும் வாரம் ஒருமுறை கை பொறுக்காத சூட்டில், சுமார் 60 டிகிரி வெந்நீரில், அரை மணி நேரம் ஊறவைத்துத் துவையுங்கள். தூசுப்பூச்சி அந்தச் சூட்டில்தான் சாகும். துவைத்ததை ரோட்டுப் பக்கப் பால்கனியில் காயப்போட்டால் புழுதி திரும்ப ஏறிவிடும். மொட்டை மாடியில் உள்பக்கக் கொடியே நல்லது. கண் அரிக்கும்போது தேய்க்காமல், ஐஸ் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியை மூடிய இமைமேல் 5 முதல் 10 நிமிஷம் வையுங்கள். ஐஸ் கட்டியை நேராக வைக்காதீர்கள். தும்மல் தினமும் இருந்தால் மாத்திரையா, மூக்கு ஸ்பிரேயா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். செட்டிரிசின் என்ற ஒவ்வாமை மாத்திரை சிலருக்குத் தூக்கம் வரவழைக்கும், கவுண்டரில் நின்று கணக்குப் பார்ப்பவர்களுக்கு அது தொல்லை.

கண் மையையும் சந்தேகப்படுங்கள். புதிதாக வாங்கிய மையோ, முடிக்குப் போடும் டையோ வந்த பிறகு அரிப்பு கூடியதா என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு வாரம் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். மை கலைக்கும்போது சோப்புப் போட்டுத் தேய்க்காதீர்கள். பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு, மூடிய கண்மேல் அரை நிமிஷம் வைத்துவிட்டு, ஒரே இழுப்பில் கீழ்நோக்கித் துடையுங்கள்.

அடுத்து ரத்தம். ரத்தசோகை கருவளையத்தை உண்டாக்குகிறது என்பதைவிட, முகம் வெளிறி இருப்பதைத் தூக்கிக் காட்டுகிறது என்பதே சரி. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். மாதவிடாயில் போக்கு அதிகம் என்றால் கட்டாயம் பாருங்கள். சாப்பாட்டில் இரும்புச்சத்துக்கு, நம்ம பக்கம் சுலபமாகக் கிடைக்கிற சுவரொட்டிக்கு (ஆட்டு மண்ணீரல்) ஈடில்லை. ஆட்டு ஈரலும் ரத்தப் பொரியலும் அடுத்து. சைவம் என்றால் முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு. மேலே எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள் (தோலுக்கு ஆகாத எலுமிச்சை, இரும்புச்சத்து உடம்பில் சேர உதவும்). சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கம்தான் இரும்புச்சத்தைக் கெடுக்கிறது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

அரிப்பு அடங்கிய பிறகு, நிறமி வகையானால் மட்டும் கிரீம். அதற்கு முன் எதைப் போட்டாலும் எரியும். பகலில் ஜிங்க் ஆக்சைடு உள்ள, எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன். மற்ற வகைகள் வியர்வையோடு வழிந்து கண்ணைக் கரிக்கும். இரவில் 5 சதவீத நியாசினமைடு (வைட்டமின் பி3 வகை) கிரீம், பச்சைப்பயறு அளவில் பாதி, இரண்டு கண்ணுக்கும் சேர்த்து. மோதிர விரலால், எலும்பு தட்டுப்படும் இடத்தில் மட்டும் ஒற்றுங்கள். இமை ஓரத்துக்குப் போகாதீர்கள். 8 முதல் 12 வாரம் ஆகும். ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை) கிரீமைப் பிறகு பார்க்கலாம். கர்ப்பமாக இருந்தாலோ திட்டமிட்டாலோ அது வேண்டாம்.

பள்ளத்தால் வரும் நிழலுக்கு, பள்ளத்தை நிரப்பும் ஃபில்லர் ஊசி இருக்கிறது. அரிதாக ரத்தக்குழாய் அடைத்துப் பார்வையே போகும் ஆபத்து அதில் உண்டு, அதனால் பயிற்சி பெற்ற மருத்துவரிடம் தவிர வேறெங்கும் வேண்டாம். பியூட்டி பார்லரில் கண்ணுக்குக் கீழே 'பீல்' (மேல்தோலை உரிக்கும் ரசாயனம்) போடவும் சம்மதிக்காதீர்கள்.

ஒரு கண்ணில் மட்டும் கருமையோ வீக்கமோ வந்தாலும், காலையில் இரண்டு கண்ணும் உப்பி கால் வீக்கமும் சேர்ந்தாலும் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். இரண்டாவதாகச் சொன்னது சிறுநீரகக் கோளாறாக இருக்கலாம். கருவளையத்துக்கு, ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் தோல் புறநோயாளிகள் பிரிவு இருக்கிறது, காலையிலேயே போய்ச் சீட்டு வாங்குங்கள். மை உட்பட, கண் பக்கம் போட்ட எல்லா டியூபையும் டப்பாவையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள். 'வெள்ளை டியூப், நீல மூடி' என்று சொன்னால் மருத்துவருக்கு ஒன்றும் பிடிபடாது.