இங்கிலாந்தில் நல்ல உள்ளூர் பப் என்று எதைச் சொல்கிறார்கள்?

பப் என்பது மதுக்கடை என்பதைவிட ஊரார் கூடிப் பேசும் திண்ணைக்கு நெருக்கமானது; ஆகவே, தனியாக வருபவரும் கூச்சமின்றி உட்கார முடிகிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். (தொலைக்காட்சி இரைந்துகொண்டிருந்தால் நான் உள்ளேயே போகமாட்டேன்.)

அடுத்தது பீரின் பராமரிப்பு. பீப்பாய்க்குள்ளேயே தொடர்ந்து நொதிக்கும் ‘ஏல்’ என்ற பீர் வகையை ஏறத்தாழ 12 பாகை செல்சியஸ் குளிர்ச்சியுள்ள நிலவறையில் வைத்திருந்து, திறந்த சில நாள்களுக்குள் விற்றுத் தீர்க்க வேண்டும் என்பதால், ஆள் வரத்தில்லாத இடத்தில் அது கெட்டுவிடும்.

எடுத்துக்காட்டாக, வடக்கு யார்க்‌ஷயரின் ஹட்ஸ்வெல் கிராமத்தில், 2008இல் மூடப்பட்ட ‘ஜார்ஜ் அண்ட் டிராகன்’ பப்பை ஊர்மக்களே பணம் திரட்டி வாங்கி, 2010இல் மீண்டும் திறந்து, சிறு நூலகத்தையும் கடையையும் அதனுடன் சேர்த்தார்கள். ஏல் ஆர்வலர் அமைப்பான காம்ராவின் 2016ஆம் ஆண்டின் சிறந்த பப்புக்கான தேசிய விருது அதற்கே கிடைத்தது.